குட்டி பேட்மேனுக்காகத் திரண்ட நகரம்

கேள்வி: புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்காக வேஷம், விளையாட்டு என்று ஊரே கூடுவது வீண் செலவில்லையா?

பதில்: 2013 நவம்பர் 15 அன்று சான் பிரான்சிஸ்கோவில், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்திருந்த ஐந்து வயதுச் சிறுவனைக் குட்டி பேட்மேன் ஆக்கினார்கள். நோயுற்ற குழந்தைகளின் விருப்பங்களை நிறைவேற்றும் ‘மேக்-எ-விஷ்’ அமைப்பு அழைக்க, ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டார்கள். காவல்துறைத் தலைவரே அவனிடம் உதவி கேட்டார். உங்கள் கேள்வியைத் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கரும் அப்போது எழுப்பினார்: ஒரு விருப்பத்துக்கு ஆகும் பணத்தில் சில குழந்தைகளை மலேரியாவிலிருந்தே காப்பாற்றலாமே என்றார். கணக்கு சரிதான். ஆனால் அன்று தெருவில் நின்றவர்கள் கொடுத்தது தங்கள் நேரத்தை. அதைக் கொண்டு மருந்து வாங்க முடியாது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். முதுகுத்தண்டில் ஊசி, வாந்தி, முடி உதிர்தல், தொற்றுக்குப் பயந்து பள்ளியும் தோழர்களும் இல்லாத மாதங்கள். எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்கிறோம். ஐந்து வயதுக்கு அந்த நியாயம் எட்டாது; தான் ஒரு வீரன் என்பது எட்டும்.

பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்குகிறோமோ என்ற ஆட்சேபம்தான் எனக்குக் கனமாகப் படுகிறது. அதனால்தான் ஆசை பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். பேட்மேன் ஆசை அந்தச் சிறுவனுடையதே. கூட்டத்தைக் கண்டு மிரளும் பிள்ளைக்கு வகுப்புத் தோழர்கள் வரைந்து அனுப்பும் வேடிக்கைப் படங்களே போதும். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் டாக்டரைக் கேட்காமல் யாரும் நேரில் போகக் கூடாது.