சுரங்கத்துக்குள் படகு போகுமா?

சேலம் அஸ்தம்பட்டியைக் கடந்துதான் ஏற்காடு பேருந்துகள் மலையேறுகின்றன. எங்கள் பகுதிக் குழந்தைகளில் பலருக்குப் படகு என்றால் ஏற்காடு ஏரியின் மிதிபடகுதான். சிலர் பூலாம்பட்டியில் காவிரியைக் கடக்கும் விசைப்படகைப் பார்த்திருப்பார்கள், சிலர் ஒகேனக்கல் பரிசலில் ஏறியிருப்பார்கள். கல்விச் சுற்றுலாவுக்குத் தேக்கடி செல்லலாம் என்று முடிவானபோது, பயணத்துக்கு முன் 4 பாடவேளைகளை ஒதுக்கி 8-ஆம் வகுப்பு மாணவர்களுடன் ஒரு பாடம் நடத்தினேன். அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் மூன்றும் இதில் சேர்ந்து வந்தன. செலவு மிகக் குறைவு. நீங்களும் உங்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம்.

முதல் பாடவேளை: நீர் ஏன் கிழக்கே வருகிறது?

பெரியாறு இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் ஆறு. மலைத்தொடரின் கிழக்கே வைகைப் படுகையோ வறட்சியில் வாடியது. ஆற்றை மறித்து அணை கட்டி, மலையைக் குடைந்து நீரைக் கிழக்கே திருப்பினார்கள். இதற்கான குத்தகை ஒப்பந்தம் திருவிதாங்கூர் அரசுடன் 1886-இல் கையெழுத்தானது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய பணி 1895-இல் முடிந்தது. தேக்கடியில் நாம் படகில் செல்லும் ஏரி, இந்த முல்லைப்பெரியாறு அணை தேக்கிய நீர்தான். ஏரியில் இன்றும் தலைநீட்டி நிற்கும் பட்டுப்போன மரங்கள், நீரில் மூழ்கிய பழைய காட்டின் மிச்சங்கள்.

இதைக் கரும்பலகையில் குறுக்குவெட்டுப் படமாக வரைந்தேன். இடப்பக்கம் ஏரி, நடுவில் மலை, வலப்பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. ஏரியிலிருந்து ஒரு திறந்த கால்வாய் மலையடிவரை வருகிறது. அங்கிருந்து சுரங்கம் தொடங்குகிறது. மறுபுறம் வெளிவரும் நீர் ராட்சதக் குழாய்கள் வழியே லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கி, பின்னர் ஆற்றில் கலந்து வைகைக்குப் போகிறது. குமுளியிலிருந்து லோயர்கேம்ப் இறங்கும் மலைச்சாலையில் அந்தக் குழாய்களைப் பேருந்திலிருந்தே பார்க்கலாம்.

அணையில் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் தமிழகத்துக்கு நீர் எடுக்க முடியாது. ஏன்? இதற்கு ஒரு குடிநீர் பாட்டில் போதும். 1 செ.மீ. என்பது 10 அடி என்று வைத்துக்கொண்டு, அடியிலிருந்து 10.4 செ.மீ. உயரத்தில் துளையிட்டோம். இப்போது அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 142 அடிக்கு 14.2 செ.மீ.யில் கோடு போட்டோம். கோடுவரை நீர் நிரப்பியதும் துளை வழியே பீய்ச்சியது. மட்டம் குறையக் குறைய வேகம் தளர்ந்து, துளையின் விளிம்பில் நின்றுபோனது. பாட்டிலில் பாதிக்கு மேல் நீர் இருக்கிறது, ஆனாலும் வரவில்லை! செய்தித்தாளில் அணை நீர்மட்டம் ஏன் தினமும் அச்சாகிறது என்பது அப்போது அவர்களுக்கு விளங்கியது.

இரண்டாம் பாடவேளை: சுவரில் ஒரு சுரங்கம்

"டீச்சர், அந்தச் சுரங்கத்துக்குள்ள படகு போகுமா? போனா தேனிக்கே போயிடலாமே!" என்று ஒரு மாணவி கேட்டாள். பதிலைச் சொல்லிவிடாமல் அளந்து பார்க்கச் சொன்னேன்.

முதலில் குடையப்பட்டபோது சுரங்கத்தின் அகலம் 12 அடி, உயரம் ஏழரை அடி, நீளம் சுமார் 5,700 அடி. மாணவர்கள் சுற்றுச்சுவரில் 12 அடிக்கு ஏழரை அடி அளவில் சாக்பீஸால் செவ்வகம் வரைந்தார்கள். "படகு தாராளமா போகும்" என்பது முதல் முடிவு. அடுத்து மூன்று கணக்குகள் கொடுத்தேன்.

ஒன்று, சரிவு. சுரங்கம் 75 அடி நீளத்துக்கு 1 அடி இறங்குகிறது. 5,700-ஐ 75-ஆல் வகுத்தால் 76 அடி. ஒரு மாடி 10 அடி என்றால், ஏழு மாடிக்கு மேல் இறக்கம்.

இரண்டு, வேகம். சுரங்கம் முழுக்க நிரம்பி நொடிக்கு 900 கன அடி நீர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்குவெட்டுப் பரப்பு 90 சதுர அடி. ஆகவே வேகம் நொடிக்கு 10 அடி, அதாவது மணிக்குச் சுமார் 11 கி.மீ. 5,700 அடியைக் கடக்க 570 நொடி, ஒன்பதரை நிமிடம்.

மூன்று, காற்று. நீர் கூரையைத் தொட்டால் மூச்சுவிட இடம் எங்கே? வெளியே வந்ததும் குழாய்களில் விழும் நீரோடு படகு என்ன ஆகும்?

வகுப்பே ஒருமுகமாக "போகாது" என்றது. கால்வாயில் இறங்கிக் குளிக்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்திலும் உண்டு. மேட்டூர் அணையின் கால்வாய்கள் நம் ஊர்களை ஒட்டிச் செல்கின்றன. மேலே அமைதியாகத் தெரியும் நீர் மதகுக்கும் குகைவழிக்கும் அருகில் எப்படி இழுக்கும் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பேசுங்கள். "அங்கே போகாதே" என்று பத்து முறை சொல்வதைவிட இது பதியும்.

மூன்றாம் பாடவேளை: படகு போகும் சுரங்கமும் உண்டு

அப்படியானால் உலகில் எந்தச் சுரங்கத்திலும் படகு போகாதா? போகும். இங்கிலாந்தில் ஹடர்ஸ்பீல்டு குறுங்கால்வாயில் ஸ்டேன்எட்ஜ் என்ற சுரங்கம் இருக்கிறது. 1811-இல் திறக்கப்பட்டது, நீளம் 5 கி.மீ.க்கு மேல். அது பாசனத்துக்காக வெட்டியதல்ல, சரக்குப் படகுகளுக்காக வெட்டியது. அதனால் உள்ளே சரிவில்லை. நீர் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறது. சுரங்கத்துக்கு இருபுறமும் உள்ள பூட்டுமதகுகள் படகைப் படிப்படியாக ஏற்றி இறக்குகின்றன. சமமட்டமான நீர் படகுக்கு, சரிவான நீர் பாசனத்துக்கு. இந்த வேறுபாடுதான் பாடத்தின் நடுப்புள்ளி.

அந்தக் காலத்தில் கரையில் நடக்கும் குதிரைகள்தான் படகை இழுத்தன. ஸ்டேன்எட்ஜ் சுரங்கத்துக்குள் குதிரை நடக்கப் பாதை இல்லை. குதிரையை மலைமேல் ஓட்டிச் சென்றார்கள். படகோட்டிகள் மல்லாந்து படுத்து, சுவரைக் கால்களால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினார்கள். மாணவர்கள் வழவழப்பான தரையில் கோணிச்சாக்கு விரித்து, சுவரோரம் படுத்து உதைத்துப் பார்த்தார்கள். சுவரை ஒருபக்கம் தள்ளினால் உடல் எதிர்ப்பக்கம் நகர்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை. பல்லாண்டுகள் மூடிக்கிடந்த அந்தச் சுரங்கத்தை 2001-இல் மீண்டும் திறந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகளைப் படகில் உள்ளே அழைத்துச் செல்கிறார்கள்.

நான்காம் பாடவேளை: சோப்பு டப்பாவும் கோலிக்குண்டுகளும்

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையோர விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. கேரளத்தின் தட்டேக்காட்டில் 2007 பிப்ரவரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். குஜராத்தின் வதோதராவில் 2024 ஜனவரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். இவை குழந்தைகளைப் பயமுறுத்த அல்ல, நாம் தெரிந்துகொள்ள. அவர்களுக்குச் சோதனை போதும்.

ஒரு வாளி நீரில் சோப்பு டப்பாவை மிதக்கவிடுங்கள். முதலில் 10 கோலிக்குண்டுகளைக் களிமண்ணால் பரவலாக ஒட்டி வையுங்கள். டப்பாவை விரலால் லேசாகச் சாய்த்தால் தானே நிமிர்ந்துகொள்ளும். பிறகு களிமண்ணை எடுத்துவிட்டு அதே 10 குண்டுகளைத் தளர்வாகப் போடுங்கள். லேசாகச் சாய்த்தால் குண்டுகள் எல்லாம் தாழ்ந்த பக்கம் உருளும். அதனால் டப்பா மேலும் சாயும், நீர் உள்ளே புகும், கவிழும். எடை மாறவில்லை, இடம்தான் மாறியது. மூன்றாவதாக, களிமண்ணால் ஒட்டிய குண்டுகளை ஒரு தீப்பெட்டியின் மேல் அடுக்கி அதை டப்பாவின் நடுவில் வையுங்கள். ஈர்ப்பு மையம் உயர்ந்தால் சிறு ஆட்டமும் ஆபத்தாகும். மேல்தளத்தில் ஏன் எழுந்து நிற்கக்கூடாது என்பதற்கு இதுவே விடை.

சோதனை முடிந்ததும் மாணவர்களே விதிகளை எழுதினார்கள். நான் சேர்த்தவற்றோடு எங்கள் பட்டியல் இதுதான்:

1. படகில் எழுதியுள்ள பயணிகள் எண்ணிக்கையைப் படிக்க வேண்டும். ஒருவர் கூடினாலும் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.
2. ஏறும் முன் கரையிலேயே உயிர்காப்பு அங்கி அணிந்து எல்லாப் பட்டைகளையும் மாட்ட வேண்டும்.
3. அங்கியின் தோள்பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது அந்தக் குழந்தையின் அளவு அல்ல.
4. யானை தெரிந்தாலும் இருக்கையிலிருந்தே பார்க்க வேண்டும்.
5. பெயர்ப் பட்டியல் இரண்டு படிகள். ஒன்று படகில் ஆசிரியரிடம், மற்றொன்று கரையில் நிற்கும் ஆசிரியரிடம்.
6. காற்றும் மழையும் வலுத்தால் பயணம் ரத்து. கட்டணம் போனாலும் பரவாயில்லை.

பயணத்தின்போது ஒரு படகுத்துறையில் எங்கள் குழுவுக்கு 4 அங்கிகள் குறைவாக இருந்தன. "சின்னப் பசங்கதானே, நடுவுல உட்காரட்டும்" என்றார் அங்கிருந்தவர். நான் வாய் திறக்கும் முன்பே ஒரு மாணவன், "அண்ணா, எங்க லிஸ்ட்ல அப்படி இல்லீங்க" என்றான். 4 பேரும் ஓர் ஆசிரியரோடு கரையில் இருந்து அடுத்த சுற்றில் சென்றார்கள். 40 நிமிடம் தாமதமானது, மதிய உணவு ஆறியது. மற்றபடி எந்த இழப்பும் இல்லை.

மதிப்பீட்டுக்கு

• நீர்மட்டம் 142 அடியிலிருந்து 104 அடிக்கு இறங்கினால் எத்தனை அடி நீரைப் பயன்படுத்த முடிந்தது?
• பாசனச் சுரங்கம், படகுச் சுரங்கம் இரண்டுக்கும் மூன்று வேறுபாடுகள் எழுதுக.
• 20 பேர் செல்லும் படகில் 10 பேர் ஒரே பக்கம் எழுந்து வந்தால் என்ன நடக்கும்? படம் வரைந்து விளக்குக.
• உங்கள் ஊர் ஏரி அல்லது கால்வாயில் ஆபத்தான இடங்களைக் குறித்து ஒரு வரைபடம் தயாரிக்க.

கடைசிக் கேள்விக்கு வரும் வரைபடங்களை வகுப்புச் சுவரில் ஒட்டி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்களிடம் காட்டுங்கள். தொடக்கநிலை ஆசிரியர்கள் கணக்குகளை விட்டுவிட்டு, பாட்டிலையும் கோலிக்குண்டையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சுற்றுலாவுக்குப் பேருந்து பதிவு செய்யும் அன்றே இந்தப் பாடத்துக்கும் நாள் குறித்துவிடுங்கள்.