பழைய கடைசல் இயந்திரத்தில் மசகெண்ணெய் தடைப்படுதல்

கடைசல் இயந்திரத்தில் பல் உடைந்த சக்கரத்திற்குப் பதிலாக வேறொன்றை வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம். முறிந்த கைப்பிடியைப் பற்றவைத்துக்கொள்ளலாம். ஆனால் கதிர் சுழலும் தாங்கி எரிந்து பற்றிக்கொள்ளுமாயின், சில பழைய இயந்திரங்களில் மாற்றிப் பொருத்துதற்குத் தனித் தாங்கியே கிடையாது. அமெரிக்காவில், இந்தியானா மாநிலத்துச் சவுத் பெண்டு நகரில், 1906ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொழிற்சாலை செய்தளித்த 9 அங்குல இயந்திரங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் பலவற்றில் எஃகுக் கதிரானது, பட்டறையில் ஹெட்ஸ்டாக் என வழங்கும் தலைப்பகுதியின் வார்ப்பிரும்புத் துளையிலேயே நேராகச் சுழலுகின்றது. அத்துளை கீறல் விழுந்து கெட்டால் தலைப்பகுதி முழுவதுமே கெட்டதாகும். ஆதலால், கதிர் சிறிது சூடேறுகின்றது என்று தோன்றிய அன்றே காரணத்தைத் தேடுதல் வேண்டும்.

இவ்வியந்திரத்தில் எண்ணெயை ஏற்றுவதற்குப் பம்பு எதுவும் இல்லை. ஒவ்வொரு தாங்கிக்கும் கீழே ஒரு சிறு எண்ணெய்த் தேக்கம் உண்டு. அதில் அமிழ்ந்துள்ள கம்பளித் திரியொன்றை ஒரு சுருள்வில் கதிரின் அடிப்பக்கத்தில் மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். அகல்விளக்கில் திரி எண்ணெயை மேலே இழுப்பது போலவே இங்கும் நிகழ்கின்றது. கதிர் அவ்வெண்ணெயைத் துடைத்தெடுத்துத் தன்னுடன் சுழற்றிச் செல்லும். மிகுதி மீண்டும் தேக்கத்தில் வடியும். அகலில் எண்ணெய் குறையக் குறையச் சுடர் மங்குகின்றது அல்லவா? தேக்கத்தில் மட்டம் தாழ்ந்தாலும் திரி ஏற்றித்தரும் அளவு அவ்வாறே குறைந்துவிடும். எனவே கிண்ணத்தில் ‘கொஞ்சம் இருக்கிறது’ என்பது போதாது.

திரி அடிப்பக்கத்தில் அமைந்ததற்குத் தக்க காரணம் உண்டு. 1883இல் இங்கிலாந்தில் பியூச்சாம்ப் டவர் என்னும் பொறியியலார் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்தார். பாரம் அழுத்தும் மேற்புறத்தில் அவர் ஒரு துளையிட்டார். எண்ணெய் உள்ளே செல்வதற்கு மாறாக அத்துளை வழியே மேலெழுந்து வந்தது. தக்கையால் அடைத்தார்; தக்கை வெளித்தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் வெளியேறிற்று. அழுத்தமானியை வைத்தபோது அதன் முள் சதுர அங்குலத்திற்கு 200 பவுண்டுக்கு மேல் சென்றது. சுழலும் அச்சே எண்ணெயை ஆப்புப் போல இடுக்கிற்குள் இழுத்து அழுத்தம் உண்டாக்குகின்றது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கணித முறையில் விளக்கினார். ஆகவே பாரம் அழுந்தும் இடத்தில் எண்ணெய் ஊட்ட முயலுதல் வீண். பாரமற்ற பக்கத்திலேயே ஊட்டவேண்டும். கனமாகக் கடையும்போது உளியின் எதிர்விசை முன்புறத் தாங்கியில் கதிரை மேல்நோக்கித் தள்ளும். அப்போது கீழ்ப்புறம் பாரமின்றி இருக்கும். திரியின் இடம் அங்கேதான்.

இனிக் கோளாறைக் காண்போம். முதலில், கை வைத்துத் தாங்கமுடியாத சூடு எந்தத் தாங்கியில் உள்ளதென அறிக. பின்புறத்தில் மட்டும் சூடு மிகுமானால் எண்ணெயைப் பழிப்பதற்கு முன் வார்ப்பட்டை அளவுக்கு மீறி இறுகியுள்ளதா என்று பார்த்தல் நலம். அடுத்து, தேக்கத்தின் வடிகால் திருகைக் கழற்றி எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்துப் பார்க்கவேண்டும். கரிய மண்டியும் கோந்து போன்ற கசடும் வருமானால் திரியின் நுண்துளைகள் அடைபட்டுள்ளன என ஊகிக்கலாம். சில வேளைகளில் எண்ணெய் தெளிவாகவே இருக்கும். கிண்ணத்தின் மட்டமோ பல வாரங்களாகக் குறையாதிருக்கும். இதைக் கண்டு மகிழ்வோர் உளர். உண்மையில் இதுவே அஞ்சத்தக்க அறிகுறி. எண்ணெய் மேலே ஏறவே இல்லை என்பது இதன் பொருள்.

ஐயம் தீரக் கதிரைக் கழற்றித் திரியை எடுத்துப் பார்த்தலே வழி. நல்ல திரி மிருதுவாக இருக்கும்; கெட்ட திரி மரத்துண்டு போல இறுகி, கதிர் உராய்ந்த முகத்தில் கண்ணாடி போலப் பளபளக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி உலர்த்தியபின், ஒரு முனையை மட்டும் புதிய எண்ணெயில் தோய்த்து நிறுத்திவைத்தால், மறுமுனை ஈரமாகின்றதா என்பது சிறிது நேரத்தில் தெரியும். ஈரமாகாவிடில் புதிய கம்பளித் திரி இடுதல் வேண்டும்.

கதிரை மீண்டும் செருகும்போதுதான் பலர் தவறுகின்றனர். சுருள்வில் திரியை உயர்த்தித் துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்நிலையில் கதிரைத் தள்ளினால் அதன் விளிம்பு திரியைச் சீவிவிடும். திரியைக் கீழே அழுத்தி, அதற்கென உள்ள சிறு துளையில் கம்பியொன்றைச் செருகி நிறுத்திவைத்து, கதிர் உள்ளே சென்றபின் கம்பியை உருவவேண்டும். உருவ மறந்தால் திரி கதிரைத் தொடாது. பட்ட பாடெல்லாம் வீணாகி, இயந்திரம் முன்னிலும் மோசமாகச் சூடேறும்.

கதிருக்கு மெல்லிய எண்ணெயே உகந்தது. 40 பாகை செல்சியசில் ஏறத்தாழ 22 சென்டிஸ்டோக் பாகுநிலை உள்ளது பொருந்தும். எண்ணெய் கசிகின்றதென்று தடித்ததை ஊற்றுவது கூடாது. அது திரியில் ஏற மறுக்கும். படுகைக்கு உரிய ஒட்டும் இயல்புள்ள எண்ணெய் வேறு. அதனை இங்கும் இதனை அங்கும் பயன்படுத்தலாகாது. வேறு சில பழைய இயந்திரங்களில் எண்ணெய்த் துப்பாக்கிக்கென அமைந்த முனைகளைக் கிரீசுக்கு உரியவை எனக் கருதிக் கிரீசை ஏற்றிவிடுகின்றனர். அது நுண்வழிகளை அடைத்துவிடும். பகுதிகளைக் கழற்றி மண்ணெண்ணெயால் கழுவினாலன்றி நீங்காது.

பம்பினால் எண்ணெய் பாயும் இயந்திரங்களில் பார்வைக் கண்ணாடியை நம்பி ஏமாறுதல் உண்டு. பழைய எண்ணெய் கண்ணாடியில் படிந்து விட்ட மஞ்சட்கோடு, தூரத்திலிருந்து காண்பவர்க்கு நிறைந்த மட்டம் போலவே தோன்றும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபின் பார்க்கவேண்டும்.

செப்பனிட்டபின், சக்கில் வேலைப்பொருள் இல்லாமல் குறைந்த வேகத்தில் கால்மணி நேரம் ஓட்டி, தாங்கியைத் தொட்டுப் பார்த்து, அதன்பின் வேகத்தைப் படிப்படியாக உயர்த்துக. இளஞ்சூடு இயல்பே. சூடு நிலைகொள்ளாமல் ஏறிக்கொண்டே இருந்தால், இயந்திரத்தை நிறுத்திக் கதிருக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியை முள்மானியால் அளக்கவேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவேனும் இடமில்லாவிடில் திரி எவ்வளவு நன்றாக இருப்பினும் எண்ணெய்ப் படலம் அங்கே தங்காது.