முகத்தில் பூசும் முன்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில், தொப்பூர் கணவாய்க்கு முன்னால் இருக்கிறது நல்லம்பள்ளி. ஆட்டு வியாபாரத்துக்குப் பேர்போன சந்தை கூடும் ஊர். சுற்றிலும் மானாவாரிக் காடுகள். வரப்பில் ஆவாரை, சாலையோரம் எருக்கு, வீட்டுக்கு வீடு வேம்பு. தேமல் வந்தாலும் பரு வந்தாலும் இந்தப் பக்கத்தில் முதலில் கைக்கு வருவது இலையும் கிழங்கும்தான். அது நல்ல பழக்கமே. ஆனால் சமீப காலமாகப் பாட்டி சொன்ன பக்குவமும் செல்போனில் வந்த குறிப்பும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பாட்டியின் பக்குவத்தில் யாருக்கு, எப்போது, எவ்வளவு, எப்படிச் சுத்தி செய்து (நச்சு நீக்கி) என்ற நான்கும் இருந்தன. குறிப்பில் பொருளின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் தோலைப் பற்றி உண்மையில் சொன்னவற்றுக்கும் அவற்றின் பெயரால் இன்று விற்கப்படுபவற்றுக்கும் நடுவில் விழுந்த பள்ளம் இந்த நான்கும் தொலைந்ததால் வந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

நம்பிக்கை: இயற்கையில் விளைந்தது, அதனால் கெடுதல் செய்யாது.

இதற்கு முதல் மறுப்பே நம் வைத்திய மரபிலிருந்து வருகிறது. சேராங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பெயர் பெற்ற மருந்துச் சரக்கு அது. ஆனால் சுத்தி செய்யாத கொட்டையின் பால் தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாகும். முன்பு சலவைத் தொழிலாளர்கள் துணிகளில் அழியாத குறி போட இந்தப் பாலைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அரிப்பும் கொப்புளமும் வந்தன. ராணுவ மருத்துவர்கள் தேடிப் பார்த்தபோது, சட்டையிலும் கால்சட்டையிலும் இருந்த சலவைக் குறிதான் காரணம் என்று தெரிந்தது. அந்தக் கொட்டையை நெருப்பென்று அறிந்துதான் நம் வைத்தியர்கள் அதற்குச் சுத்தி முறையை வகுத்தார்கள். சுத்தி என்ற ஒரு சடங்கு ஒவ்வொரு சரக்குக்கும் இருப்பதே, இயற்கைப் பொருள் அப்படியே பாதுகாப்பானது அல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததற்குச் சான்று.

மருவுக்கும் ஆணிக்கும் எருக்கம்பால் வைப்பார்கள். வைத்த விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். பல நேரம் வலி அதிகம் இருக்காது, அதனால் தாமதமாகவே மருத்துவமனைக்கு வருவார்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சோற்றுக்கற்றாழையிலும் இதே கதைதான். மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து வடிகிற மஞ்சள் பால் எரிச்சல் தருவது; உள்ளே இருக்கும் சோறு குளிர்ச்சி தருவது. அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் மடலை நிறுத்தி வைத்துப் பாலை வடியவிட்டு, சோற்றை ஏழு முறை கழுவச் சொன்னார்கள். வெட்டிய கையோடு முகத்தில் தேய்த்துவிட்டு 'எனக்குக் கற்றாழை ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்பவர்களில் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதது அந்த மஞ்சள் பால்தான்.

நம்பிக்கை: எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தால் வெயிலில் கறுத்த முகம் வெளுக்கும்.

இந்த ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாலும் போதும், அவ்வளவு கெடுதல் இதில் இருக்கிறது. நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத் தன்மை கொண்டது. அமில அளவு (pH) 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-க்குச் சற்று மேலே. அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு ஏறுகிறது. ஆகவே தோலுக்குப் பழக்கமானதைப் போல நூறு மடங்குக்கு மேல் புளிப்பானதை அதன் மேல் ஊற்றுகிறோம்.

அதைவிட மோசமானது, எலுமிச்சையிலும் அதன் தோலிலும் இருக்கும் ஃப்யூரோகூமரின் என்ற சேர்மங்கள். இவை தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் சூடுபட்டதுபோல் சிவந்து, கொப்புளித்து, பிறகு கருந்திட்டாகத் தங்கிவிடும். திட்டு மறைய மாதக் கணக்கில் ஆகும். காலையில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு பத்து மணி வெயிலில் தக்காளிக் காட்டுக்குப் போகிற பெண்ணுக்கு, கருமை போக்கப் பூசியதே கருமையைக் கொண்டுவந்து சேர்க்கும்.

இந்த விஷயமும் நம் மரபுக்குப் புதிது அல்ல. கார்போக அரிசியில் இருக்கும் சோராலென் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்புள்ளிக்கு அதைக் கொடுத்து, அளவாக வெயில் காய வைப்பது பழைய ஆயுர்வேத சிகிச்சை. 1970-களில் நவீன மருத்துவம் சோராலெனையும் புற ஊதா விளக்கையும் சேர்த்து வகுத்த சிகிச்சை முறை இந்தக் கருத்தின் மீதே நிற்கிறது. வெயிலோடு சேர்ந்தால் நிறம் கூடும் என்று தெரிந்து, நிறம் இழந்த தோலுக்கு அதைக் கொடுத்தார்கள். அதே கார்போக அரிசி நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குள்ளும் வருகிறது. பூசி உடனே கழுவிவிடும் பொடி என்பதால் பெரும்பாலோருக்குத் தொல்லை வராது. முகப்பூச்சாக உலரவிட்டு வெயிலில் நடப்பது வேறு.

வெயிலில் கறுக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் போதும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆய்வகச் சோதனையில் அதன் வெயில் தடுப்பு அளவு 8-ஐ ஒட்டியே வந்தது. மருத்துவர்கள் கேட்பது குறைந்தது 30. காட்டு வேலைக்குப் போகும் பெண்கள் புடவைமேல் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்களே, அது எந்த எண்ணெயையும்விடச் சிறந்த பாதுகாப்பு. அதைக் கூச்சமில்லாமல் தொடரலாம்.

நம்பிக்கை: எண்ணெய் எல்லாத் தோலுக்கும் நல்லது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை ஆயுர்வேதம் அன்றாடக் கடமையாகவே சொல்கிறது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் தினசரி ஒழுக்கம் பற்றிய அத்தியாயம் அதைப் புகழ்கிறது. ஆனால் அதே இடத்தில், கபம் மிகுந்தவர்கள், அஜீரணம் உள்ளவர்கள், வாந்தி பேதி மருந்து எடுத்தவர்கள் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. இளவயதில் முகத்தில் எழும் பருக்களுக்குக் கபமும் வாதமும் ரத்தமும் காரணம் என்று சுசுருத சம்ஹிதை சொல்கிறது. கபம் காரணமான ஒன்றின்மேல், கபம் உள்ளவர் தவிர்க்க வேண்டிய எண்ணெயை ஆயுர்வேதத்தின் பெயரால் பூசச் சொல்வது அந்த நூல்களையே படிக்காதவர் சொல்வது. தேங்காய் எண்ணெய் துளைகளை அடைத்துப் பருவை மிகுதியாக்கும் என்று இன்றைய தோல் மருத்துவரும் சொல்கிறார்.

தேமலுக்கும் எண்ணெய் ஆகாது. அது ஒரு பூஞ்சை. தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று வளர்வது. படை, தேமல் ஆகியவற்றுக்கு மரபில் வண்டுகொல்லி என்கிற சீமை அகத்தி இலை உண்டு. அதன் பூஞ்சை எதிர்ப்புத் தன்மை சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. வறண்டு செதில் உதிரும் தோலுக்கோ எண்ணெய் மெய்யாகவே மருந்து. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாக இறங்கும் தைலத்தைச் சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்கு (சோரியாசிஸ்) தருகிறார்கள். ஆக, கேட்க வேண்டியது எந்தத் தோலுக்கு, எந்த நோய்க்கு என்பது.

நம்பிக்கை: குழந்தையின் கன்னத்தில் வெளிர் திட்டு வந்தால் வயிற்றில் பூச்சி.

இல்லை. பெரும்பாலும் அது வறட்சியால் வரும் லேசான கரப்பான். சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுக்க, அந்த இடம் மட்டும் பின்தங்கித் தெரிகிறது. ஈரப்பதம் காக்கும் பூச்சு தடவி, வெயிலைக் குறைத்தால் சில மாதங்களில் தானே சரியாகும். குடற்புழு மாத்திரை கொடுப்பது வேறு காரணங்களுக்காக நல்லது, கன்னத்துக்காக அல்ல. தொட்டால் உணர்ச்சியில்லாத திட்டாக இருந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், தொழுநோயா என்று பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: போர்த் தண்ணீரில் குளித்துத்தான் நிறம் போய்விட்டது.

தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்குமேல் குடித்ததால் பற்களில் கறையும் எலும்பில் கோளாறும் வந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2013-இல் வந்ததற்குக் காரணமே அதுதான். ஆனால் ஃபுளோரைடின் கெடுதல் குடிப்பதால் வருவது. குளிப்பதால் தோல் கறுப்பதில்லை.

குளிக்கிற தண்ணீரில் தொல்லை தருவது கடினத் தன்மை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகி, தோலிலும் முடியிலும் படிந்துவிடும். சோப்பின் காரத் தன்மையும் சேர்ந்து தோல் வறண்டு அரிக்கும். இந்த இடத்தில் பாட்டியின் கைப்பக்குவத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். சீயக்காயில் நுரை தருவது சபோனின். அது சோப்பைப் போல் கால்சியத்தோடு சேர்ந்து கசடாவதில்லை, காரமும் இல்லை. பாசிப்பயறு மாவும் அப்படியே. உப்புத் தண்ணீர் ஊருக்கு இவற்றைவிடப் பொருத்தமான குளியல் பொருளை யோசிப்பது கடினம்.

நம்பிக்கை: கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று கொடுப்பதெல்லாம் கஸ்தூரி மஞ்சள்.

அசல் கிழங்கின் உட்புறம் வெளிறிய நிறத்தில் இருக்கும். பளிச்சென்ற மஞ்சளில் வருவது பெரும்பாலும் அதன் உறவுக் கிழங்கு. சமையல் மஞ்சளைப் பூசுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நிறம் ஏற்றுவதற்காக ஈயக் குரோமேட் கலப்பது தெற்காசியாவின் பல இடங்களில் கண்டுபிடிக்கப்பட்ட கலப்படம். கிழங்காக வாங்கி வீட்டில் இடிப்பதே மேல், அதிலும் பளபளப்பாக மெருகேற்றாததாகப் பாருங்கள்.

நம்பிக்கை: ஆயுர்வேதம், மூலிகை என்று டப்பாவில் போட்டிருந்தால் ரசாயனம் இருக்காது, நிறமும் கூடும்.

நிறத்தை முதலில் பேசிவிடுவோம். சரக சம்ஹிதை உடலின் இயல்பான நிறங்களை அடுக்கும்போது கருமையைத்தான் முதலில் சொல்கிறது. நோயைக் காட்டும் நிறங்களின் பட்டியலில் வெள்ளையும் ஒன்று. நம் தோலில் நிறைந்திருக்கும் மெலனின் வெயிலிலிருந்து காக்கும் அரண். கறுத்த பெண் குழந்தைக்கு வெள்ளையாக வேண்டும் என்று ஏதோ ஒன்றைப் பூசி வளர்ப்பதை ஆயுர்வேதம் என்று அழைப்பதற்கு அந்த நூலில் இடமே இல்லை.

இரண்டே வாரத்தில் முகம் வெளுத்தால் இரண்டு பொருள்கள்மீது சந்தேகம் வர வேண்டும். ஒன்று ஸ்டீராய்டு. பூசும்வரை பளபளக்கும், நிறுத்தினால் சிவந்து எரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும், தோல் மெலிந்து நரம்பு தெரியும். படர்தாமரைமேல் பூசினால் பூஞ்சை இன்னும் பரவும். இந்தக் கேடு பெருகியதால்தான் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது.

மற்றது பாதரசம். அது மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் வெளுக்கும். பிறகு தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புறத்தில் சிறுநீரகம் பழுதான நோயாளிகள் பலர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள் என்று கோட்டக்கல் மருத்துவர்கள் 2023-இல் கண்டறிந்தார்கள். அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்ற பெயரில் அழகுப் பொருள் கடைகளைச் சோதித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு, பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் இதே வகைச் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. இந்தியாவின் 2020 அழகுப் பொருள் விதிகளின்படி கிரீமில் பாதரசம் சேர்ப்பதே குற்றம். தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

எனவே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தயாரிப்பாளரின் முழு முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானப் பட்டியல், காலாவதி தேதி இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு வாரம் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோங்கள். படையோ கரப்பானோ இருந்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரையும் பார்க்கலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. வெளுப்பு கிரீம் பூசிவந்தவருக்குக் காலும் முகமும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனால் அன்றே பூச்சை நிறுத்திவிட்டுச் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது பூசிய கிரீமின் டப்பாவையும் கையோடு எடுத்துப்போங்கள். என்ன பூசினோம் என்று சொல்லத் தயங்கி அதை வீட்டிலேயே விட்டுவிட்டால், மருத்துவர் காரணத்தைத் தேடி அலையும் நாட்களில் சிறுநீரகம் இன்னும் கெட்டுக்கொண்டே போகும்.