வட்டியில்லா வாகனக் கடனும் அதன் உள்கணக்கும்

ரமலான் நெருங்கும்போது அமீரகத்தின் வாகன விற்பனையகங்களில் விளம்பரப் பலகைகள் மாறுகின்றன. வட்டி 0 சதவீதம், முதலாண்டுக் காப்பீடு இலவசம், பதிவுக் கட்டணம் இல்லை, ரொக்கத் தள்ளுபடி என்னும் சொற்கள் எங்கும் தென்படும். ஊரில் ஆடித் தள்ளுபடி அறிவிப்புகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இம்மொழி புதிதன்று. ஆனால் புடவை வாங்குபவருக்குக் கடை வாசலைத் தாண்டியதும் கணக்கு முடிந்துவிடுகிறது. வாகனம் வாங்குபவருக்கு 60 மாதக் கணக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

முதலில் ஆராயத்தக்கது வட்டியில்லாக் கடன். ஒரு வாகனத்தின் அறிவிப்பு விலை 80,000 திர்ஹம் எனக் கொள்வோம். முழுத்தொகையையும் உடனே செலுத்துபவருக்கும், தாமே வேறொரு வங்கியில் கடன் ஏற்பாடு செய்துகொண்டு வருபவருக்கும் விற்பனையகம் அதை 74,000 திர்ஹமுக்குத் தர இசைகிறது. வட்டியில்லாத் திட்டத்தைத் தேர்பவருக்கோ அந்த 6,000 திர்ஹம் தள்ளுபடி கிடையாது. இருவரும் 16,000 திர்ஹம் முன்பணம் செலுத்துகின்றனர். வங்கிக்கடன் பெற்றவர் 58,000 திர்ஹமை ஆண்டுக்கு 2 சதவீத ஃபிளாட் வட்டியில் ஐந்தாண்டுகளில் அடைத்தால் அவர் திருப்பிச் செலுத்தும் தொகை 63,800. வட்டியே இல்லாதவர் திருப்பிச் செலுத்துவது 64,000. வட்டி எங்கும் மறைந்துவிடவில்லை, விலைக்குள் குடிபுகுந்துவிட்டது. எனவே விற்பனையகத்தில் முதலில் கேட்க வேண்டியது வாகனத்தின் ரொக்க விலை. வட்டி விகிதத்தை அதற்குப் பின் கேட்கலாம்.

ஃபிளாட் வட்டி என்னும் சொல்லுக்கும் விளக்கம் தேவை. 64,000 திர்ஹம் கடனுக்கு 2.5 சதவீத ஃபிளாட் வட்டி என்றால், ஐந்தாண்டுகளுக்கு 8,000 திர்ஹம் வட்டி சேர்ந்து மாதத் தவணை 1,200 ஆகிறது. இங்கு வட்டி முழுக் கடனுக்கும் கடைசி மாதம்வரை கணக்கிடப்படுகிறது. கடனோ மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது. குறைந்துவரும் நிலுவையின்மீது கணக்கிட்டால் இதே கடனின் வட்டி ஏறத்தாழ 4.7 சதவீதம். இரண்டு எண்களும் ஒரே கடனைத்தான் குறிக்கின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இடம்பெறுவது எது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வங்கியின் ஃபிளாட் விகிதத்தை மற்றொரு வங்கியின் குறைநிலுவை விகிதத்தோடு ஒப்பிட்டு ஏமாறுவோர் படிப்பறிவற்றவர்கள் அல்லர்.

இதன் விளைவு கடனை முன்கூட்டியே முடிக்கும்போது வெளிப்படும். இரண்டாண்டுகள் தவணை செலுத்தியவர், ஐந்தில் இரண்டு பங்கு கழிந்தது, 38,400 திர்ஹமே மீதம் என்று எண்ணுவார். வட்டியின் பெரும்பகுதி தொடக்க மாதங்களிலேயே வசூலாகிவிடுவதால் வங்கிக் கணக்கில் நிலுவை ஏறத்தாழ 40,200 இருக்கும். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணம் நிலுவையில் 1 சதவீதத்தையும், எவ்வாறாயினும் 10,000 திர்ஹமையும் தாண்டக் கூடாது.

இவ்வரம்பு அமீரக மத்திய வங்கி 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட 29-ஆம் எண் ஒழுங்குவிதிகளில் உள்ளது. வாகனக் கடன் வாகன மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேற்படலாகாது. தவணைக்காலம் 60 மாதங்களைத் தாண்டலாகாது. அனைத்துக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருவாயில் பாதிக்கு மேல் பிடிக்கலாகாது என்பனவும் அவற்றுள் அடங்கும்.

மிகுந்த ஆபத்துடைய சலுகை இங்கேதான் பிறக்கிறது. முன்பணமே தேவையில்லை என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது? அது இன்னொரு தனிநபர் கடனாக இருக்கலாம். அல்லது விலைப்பட்டியலில் விலையை உயர்த்தி எழுதி, செலுத்தப்படாத முன்பணத்தைச் செலுத்தியதாகக் காட்டியிருக்கலாம். இரண்டாவது வழி, வங்கியை ஏமாற்றும் ஆவணத்தில் வாங்குபவரையே கையொப்பமிட வைக்கிறது. விற்பனையாளர் தம் பங்கைப் பெற்று அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுவார். வேலை போய் ஊர் திரும்ப வேண்டிய நிலையில், வாகனத்தை விற்றாலும் கடன் அடையாது. முல்கியாவில் வங்கியின் அடமானம் பதிவாகியிருப்பதால் கடன் அடையாமல் பெயர் மாற்றவும் முடியாது. போதிய பணமின்றித் திரும்பும் காசோலை 2022 ஜனவரி முதல் பெரும்பாலும் குற்ற வழக்கு ஆவதில்லை. ஆயினும் அதனை நேரடியாக நிறைவேற்று நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லவும், பயணத் தடை கோரவும் கடன் கொடுத்தவருக்கு வழியுண்டு.

மற்றச் சலுகைகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். இலவசக் காப்பீடு முதலாண்டுக்கு மட்டுமே. கடன் உள்ளவரை முழுக் காப்பீட்டை வங்கி வலியுறுத்தும். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்பதை அன்றே கேட்டறிதல் நன்று. ரொக்கத் தள்ளுபடி சில இடங்களில் உதிரிப் பொருள்களுக்கான சீட்டாகவே கைக்கு வரும். பழைய வாகனத்துக்கு மிகைத்தொகை தருவோர் அவ்வாகனத்தின் மதிப்பைக் குறைத்துப் போட்டிருக்கிறார்களா எனப் பார்க்க வேண்டும். அமீரகத்தில் காட்டப்படும் விலை 5 சதவீத மதிப்புக்கூட்டு வரியை உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். வரி தனி என்று பிறகு சொல்வது ஏற்கத்தக்கதன்று. சவூதி அரேபியாவில் இவ்வரி 15 சதவீதம், பஹ்ரைனில் 10, ஓமானில் 5.

கடன் தருவதற்கு முன் வங்கி முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையைத் தர வேண்டும். கையொப்பமிட்டபின் ஐந்து வேலைநாள்களுக்கு மறுபரிசீலனை உரிமையும் உண்டு. அதனை விட்டுக்கொடுப்பதாகக் கூறும் தாள் கட்டுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்பட்ட ஒவ்வொரு சலுகையும் விலைப்பட்டியலில் எழுதப்பட வேண்டும். ஆவணம் இருமொழியில் இருந்து பாடங்கள் முரண்பட்டால் நீதிமன்றம் அரபுப் பாடத்தையே கொள்ளும். ஆகவே சந்தேகமுள்ள பத்தியை அரபு அறிந்த ஒருவரிடம் காட்டிப் படித்தறிய வேண்டும்.

விற்பனையகத்தின் விளம்பரம் தவறான எண்ணத்தைத் தந்திருந்தால், 2020-ஆம் ஆண்டின் 15-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பொருளாதார, சுற்றுலா அமைச்சகத்திலோ, அந்தந்த அமீரகத்தின் பொருளாதாரத் துறையிலோ முறையிடலாம். வங்கியின்மீதான குறை எனில் முதலில் அவ்வங்கியிடமே எழுத்தில் தந்து, 30 நாள்களில் தீர்வு வராவிடில் சனதக் என்னும் குறைதீர் அமைப்பை அணுகலாம். இரண்டுக்கும் விளம்பரத்தின் படம், விலைப்பட்டியல், கட்டண ரசீது, கடன் ஒப்பந்தம், விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும்.