செல்போன் கோபுரம் செத்துப்போனால்: மலைமேல் இருக்கும் வானொலியைக் கையிலிருந்து இயக்குவது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தது. நம் மாவட்டத்துத் தென்னந்தோப்புகளுக்கு அது என்ன செய்தது என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டெல்டா மாவட்டங்களிலும் நம் பக்கத்திலும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் போனதோடு செல்போனும் போனது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த பிள்ளைகள் ஊருக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தார்கள். இங்கே இருந்தவர்களுக்கோ பக்கத்து ஊரில் அரிசி இருக்கிறதா, ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்கக்கூட வழி இல்லை.

அப்படிப்பட்ட நாளுக்கென்று ஒரு கருவி இருக்கிறது. அதைப் பற்றியதுதான் இந்த மாதப் பாடம். கொஞ்சம் தொழில்நுட்பம் வரும்; பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

அமெச்சூர் வானொலி என்பது அரசு உரிமம் பெற்ற தனி ஆட்கள், வியாபார நோக்கம் இல்லாமல், தங்கள் சொந்த வயர்லெஸ் நிலையத்திலிருந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது. இவர்களை ஹாம் என்பார்கள். ஜோர்டான் மன்னர் ஹுசைன் ஜேஒய்1 என்ற அழைப்புக் குறியோடு பேசிய ஒரு ஹாம். நம் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஹாம்தான். அவர் குறி வியூ2ஆர்ஜி. பொழுதுபோக்குதானே என்று தள்ளிவிட வேண்டாம். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம் அமைத்த ஒரு குழு, பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில், அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. தீவுகளின் தொடர்புகள் அறுந்தபோது அந்தப் பொழுதுபோக்குப் பெட்டியிலிருந்துதான் பிரதான நிலத்துக்குச் செய்திகள் போயின. அவர்கள் பேசியது சிற்றலையில்.

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. பழைய வானொலிப் பெட்டியில் இலங்கை, பிபிசி என்று நம் பெரியவர்கள் திருகிக் கேட்டார்களே, அதே அலை. இது வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, இடையில் எந்தக் கோபுரமும் இல்லாமல், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்னை 350 கிலோமீட்டருக்கு மேல். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் இந்தத் தூரம் சாதாரணம். ஆனால் அதற்கு 20 மீட்டர் நீளக் கம்பி ஆண்டெனா கட்ட வேண்டும். 100 வாட் கருவி பேசும்போது 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வெள்ளத்தில் முழங்கால் நனைய நடப்பவர் இதைச் சுமந்துபோக முடியாது.

கையில் பிடிக்கும் வாக்கி டாக்கி வேறு வகை. அது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில், 5 வாட்டில் பேசுவது. சட்டைப்பையில் அடங்கும், ஆனால் தூரம் போகாது. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கணக்கு எளிது. ஆண்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆல் பெருக்கினால் அதன் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவர் கையில் ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 5 கிலோமீட்டர். 25 மீட்டர் உயரமுள்ள பள்ளிவாசல் மினாராவின் உச்சியில் ஆண்டெனா இருந்தால் 20 கிலோமீட்டர். கோட்டைப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தட்டையான பூமி நம்முடையது. வழியில் ஏறிப் பேச ஒரு குன்றுகூடக் கிடையாது.

இந்தக் குறையைத் தீர்ப்பது ரிப்பீட்டர். உயரமான இடத்தில் இருந்துகொண்டு ஓர் அலைவரிசையில் கேட்பதை, அதே நொடியில், 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு அலைவரிசையில் கூடுதல் சக்தியோடு திருப்பிச் சொல்லும். பள்ளியில் கூட்டம் பெரிதாகும்போது இமாமின் தக்பீரை நடுவில் நின்று ஒருவர் உரக்கச் சொல்வார் அல்லவா, அந்த வேலை.

ரிப்பீட்டருக்கு மூளையாக இருப்பது கண்ட்ரோலர். உள்ளே வருவது உண்மையான பேச்சா, வெறும் இரைச்சலா என்று பார்த்துத்தான் அது கதவைத் திறக்கும். அவ்வப்போது நிலையத்தின் அழைப்புக் குறியை அதுவே அறிவிக்கும். யாராவது பொத்தானை அமுக்கியபடியே பையில் போட்டுவிட்டால், மூன்று நிமிடம் போல ஒரு கெடு வைத்து அறுத்துவிடும். இவையெல்லாம் வழக்கமான வேலைகள்.

நமக்குப் பயன்படும் வேலை இன்னொன்று. கண்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே ஒரு சிற்றலைக் கருவியையும் வைத்து, இரண்டையும் கேபிளால் இணைத்துவிடலாம். பிறகு கீழே நிற்பவர் தன் வாக்கி டாக்கியின் எண் பொத்தான்களை அமுக்கியே அந்தப் பெரிய கருவியை இயக்கலாம். செல்போனில் எண் அமுக்கும்போது கேட்கும் ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்பும். 5ஐ அமுக்கினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும். மனிதப் பேச்சில் இப்படி இரண்டு சுத்தமான சுரங்கள் சேர்ந்து வருவது அரிது என்பதால் கண்ட்ரோலர் ஏமாறாது. முதலில் திறப்பு எண், அடுத்து அலைவரிசை. ‘7100’ என்று அமுக்கினால் மேலே இருக்கும் கருவி 7.100 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவும். சரியாகப் புரிந்துகொண்டதா என்று கண்ட்ரோலர் குரலில் திருப்பிச் சொல்லும். அதற்குப் பிறகு நீங்கள் கையில் பேசுவது சிற்றலையில் போகும். சென்னையிலிருந்து வரும் பதில் உங்கள் கையில் கேட்கும். ஆண்டெனாவும் பேட்டரியும் ஒரே பத்திரமான இடத்தில் இருக்க, ஆள் மட்டும் நிவாரண முகாமுக்கு நடந்து போகிறார்.

சிக்கல்களும் உண்டு. சிற்றலை இரைச்சல் மிகுந்தது. அதைத் திறந்துவிட்டால் ரிப்பீட்டர் முழுவதும் அந்த இரைச்சலால் நிரம்பி, அருகில் உள்ளவர்கள் தங்களுக்குள் பேச முடியாமல் போகும். எனவே வேலை முடிந்ததும் உடனே மூட வேண்டும். திறப்பு எண்ணின் சுரங்களைக் காற்றில் யாரும் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். அதனால் பொறுப்பாளர் தனி அலைவரிசையிலோ கம்பி வழியாகவோ முழு நிலையத்தையும் நிறுத்தக்கூடிய வழி ஒன்று கட்டாயம் வேண்டும். கட்டளை கொடுப்பவருக்கு அந்தச் சிற்றலை வரிசையில் பேச உரிமம் இருக்க வேண்டும்; பெட்டி மலைமேல் இருக்கிறது என்பதற்காகப் பொறுப்பு மலைமேல் போய்விடாது.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், உயரமானதுதான் புயலில் முதலில் சாயும் என்பது. கஜாவில் நாம் பார்த்தது அதைத்தான். ஆகவே ரிப்பீட்டரை மட்டும் நம்பிப் பயிற்சி எடுப்பது வீண் என்பது எங்கள் கருத்து. கோபுரம் இல்லாமல் கருவிக்குக் கருவி நேராகப் பேசவும், இரண்டு தென்னைக்கு நடுவே 20 மீட்டர் கம்பியைக் கால் மணி நேரத்தில் கட்டவும் பழக வேண்டும். அந்தக் கம்பி ரொம்ப உயரத்தில் இருக்க வேண்டியதில்லை. தாழ்வாகக் கட்டினால் அலை செங்குத்தாக மேலே போய் முன்னூறு, நானூறு கிலோமீட்டர் சுற்றளவில் இறங்கும். தமிழ்நாட்டுக்குள் பேச அதுதான் தேவை.

இனி சட்டம். இதை நம் இளைஞர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கியை வாங்கி, உரிமம் இல்லாமல் இந்த அலைவரிசைகளில் பேசுவது குற்றம். நாம் இருப்பது இலங்கையைப் பார்த்த கடற்கரை. நல்ல எண்ணத்தில் பொத்தானை அமுக்கியவர் என்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். படகுகளில் இருக்கும் கடல்சார் வயர்லெஸ் வேறு, அதன் உரிமமும் வேறு. இரண்டையும் குழப்ப வேண்டாம். ரிப்பீட்டர் வைக்கவும் தனியாக அரசு அனுமதி வேண்டும். மினாராவில் நாமாக ஒன்றை மாட்டிவிட முடியாது.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. உரிமம் பெற்ற ஹாம்கூட மற்றவர்களுக்காகச் செய்தி அனுப்பக் கூடாது. நிலநடுக்கம், வெள்ளம், புயல், பெருந்தீ ஆகியவற்றில் வழக்கமான தொடர்புகள் அறுந்தால் மட்டும் விலக்கு உண்டு. அப்போதும் அந்தச் செய்தி மாவட்ட ஆட்சியரிடமிருந்தோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரிடமிருந்தோ புறப்பட்டு, அப்படிப்பட்ட அலுவலருக்கே போய்ச் சேர வேண்டும். ‘உம்மா நலம்’ என்று துபாய்க்குச் சொல்ல இது வழி இல்லை. ஆனால் ‘எங்கள் ஊரில் 40 பேர் முகாமில், குடிநீர் இல்லை, இரண்டு கர்ப்பிணிகள்’ என்று ஜமாஅத் எழுதி, அதை மணமேல்குடி வட்டாட்சியர் போன்ற அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் ஏற்றுக் கையெழுத்திட்டால், அது புதுக்கோட்டைக்கும் சென்னைக்கும் போகும். ஆகவே நிவாரணக் குழுவும் வருவாய்த் துறையும் மழைக்காலத்துக்கு முன்பே ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும். புயல் அடித்த மறுநாள் போய் அறிமுகம் செய்துகொள்வது கஷ்டம்.

உரிமம் வாங்குவது முடியாத காரியம் அல்ல. 12 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் எழுதலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வு அது. அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் கேட்பார்கள். ‘சரள் சஞ்சார்’ என்ற அரசு இணைய வாசலில் விண்ணப்பம். இரண்டு தரங்கள் உண்டு. கீழ்த்தரத்துக்குக் குறி வியூ3யிலும், மேல்தரத்துக்கு வியூ2விலும் தொடங்கும். பிளஸ் டூ இயற்பியல் படித்த பிள்ளைக்குப் பாடம் பாதி தெரிந்திருக்கும். பெண் பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம். போர்ட் பிளேயரில் மைக்கின் முன் இருந்தவர் யார் என்று மேலே சொன்னோம்.

தேர்வு வரும்வரை கருவி இல்லாமலே பழகக்கூடிய ஒன்று, செய்தி எழுதுவது. ஒரு தாளில் செய்தி எண், நேரம், அனுப்புபவர், பெறுபவர், பிறகு இருபத்தைந்து வார்த்தைக்குள் விஷயம், கடைசியில் வார்த்தைகளின் எண்ணிக்கை. கேட்பவர் எண்ணிப் பார்த்து ஒன்று குறைந்தால் திரும்பக் கேட்பார். நம் ஊர்களில் பெயர்தான் தொல்லை. ஒரே தெருவில் நான்கு முஹம்மது யூசுப் இருப்பார்கள். தகப்பனார் பெயரும் தெருவும் சேர்க்காமல் எந்தப் பெயரையும் எழுதக் கூடாது. இரைச்சலில் ‘பி’யும் ‘டி’யும் ஒன்றாகக் கேட்கும் என்பதால் எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று சொல்லிப் பழக வேண்டும். அடுத்த ஞாயிறு மாலை வீட்டில் ஒருவர் மாடியிலும் ஒருவர் கீழேயும் நின்று, உங்கள் சொந்தப் பெயரையும் முகவரியையும் இப்படி ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கீழே எழுதியது சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.