ஆடவரிடத்து உண்ணல் கோளாறுகள்: கடுமையை அளந்தறியும் முறை

ரிச்சர்டு மார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர் 1689ஆம் ஆண்டில் க்ஷயரோகத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். நுரையீரலில் பழுது ஏதுமின்றி, உணவில் விருப்பொழிந்து, எலும்பும் தோலுமாக மெலிந்துபோன இருவரைப் பற்றிய குறிப்பு அந்நூலில் உண்டு. ஒருத்தி 18 வயதுப் பெண். மற்றவன் மதகுரு ஒருவரின் மகன், 16 வயதினன். பெண் இறந்துபோனாள். பையன் படிப்பை நிறுத்திவிட்டு, கிராமத்துக் காற்றில் வசித்து, பாலுணவு உட்கொண்டதன் பேரில் பெருமளவு தேறினான். உண்ணல் கோளாறு பற்றி மருத்துவர் எழுதிவைத்த மிகப் பழைய விவரங்களுள் இவை சேர்ந்தவை.

முதற் குறிப்பிலேயே ஓர் ஆண் இடம்பெற்றிருந்தும், இது பெண்டிர்க்கே உரிய நோய் என்னும் எண்ணம் பிற்காலத்தில் வேரூன்றிவிட்டது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பகுப்பு நூலில், 1994ஆம் ஆண்டுப் பதிப்பிலும்கூட, மாதவிலக்கு நின்றுபோதல் இந்நோயின் நிபந்தனைகளுள் ஒன்றாக இருந்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது. ஆனால், 2007இல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பொன்று, அனோரெக்சியா, புலிமியா ஆகிய இரு நோய்களிலும் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் ஆண் என்று காட்டியது. அளவுமீறி உண்ணும் கோளாற்றில் ஆண்களின் பங்கு அதனினும் அதிகம்.

இம்மூன்று நோய்களின் இலக்கணம் சுருக்கமாக வருமாறு. அனோரெக்சியாவில் நோயாளி உணவைக் குறைத்து உடலை வாட்டுகிறார்; பருத்துவிடுவோமோ என்ற அச்சம் அவரை ஆட்டிவைக்கிறது. புலிமியாவில் கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்பதும், அதற்குப் பரிகாரமாக வாந்தியெடுத்தல், பட்டினி கிடத்தல், அளவிறந்து தேகப்பயிற்சி செய்தல் ஆகியனவும் மாறிமாறி நிகழ்கின்றன. மூன்றாவதில் அத்தகைய பரிகாரம் இல்லை. பெருமளவு உண்பதும் அதன்பின் வருந்துவதுமே உண்டு.

நோய் இருக்கிறதா என்று அறிவது ஒரு வேலை. அது எவ்வளவு கடுமையானது என்று அறிவது வேறொரு வேலை. பின்னதைக் கொண்டே நோயாளி வீட்டிலிருந்து சிகிச்சை பெறலாமா, இன்றிரவே மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டுமா என்பது முடிவாகிறது. மேற்கூறிய பகுப்பு நூல், அனோரெக்சியாவின் கடுமையை உடல் நிறைக் குறியெண்ணைக் கொண்டு வகுக்கிறது. கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இக்குறியெண் கிடைக்கும். வயது வந்தோர்க்கு 17ம் அதற்கு மேலும் இலேசான நிலை. 16 முதல் 16.99 வரை நடுத்தரம். 15 முதல் 15.99 வரை கடுமை. 15க்குக் கீழ் மிகக் கடுமை. புலிமியாவில் பரிகாரச் செயல்கள் வாரத்தில் எத்தனை முறை நிகழ்கின்றன என்பது கணக்கு: 1 முதல் 3 வரை இலேசு, 4 முதல் 7 வரை நடுத்தரம், 8 முதல் 13 வரை கடுமை, 14ம் அதற்கு மேலும் மிகக் கடுமை.

பட்டியல் எளியது. எளிமையே இதில் ஆபத்தாகவும் முடியக்கூடும். ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு இளைஞர்கள், இருவர்க்கும் வயது 20, உயரம் 1.70 மீட்டர். முதல்வனின் எடை 50 கிலோ, குறியெண் 17.3. இரண்டாமவனின் எடை 60 கிலோ; குறியெண் 20.8. பட்டியலை மட்டும் பார்ப்பவர் முதல்வனைக் குறித்துக் கவலைப்படுவார்; இரண்டாமவனைச் சுகதேகி என்று அனுப்பிவிடுவார். விசாரித்துப் பார்த்தால், முதல்வன் உழைப்பாளிக் குடும்பத்தைச் சேர்ந்தவன். இரண்டாண்டுகளாக அதே எடைதான். பசித்தபோது உண்கிறான், களைப்பின்றி வேலை செய்கிறான். இரண்டாமவனோ ஐந்து மாதங்களுக்கு முன் 82 கிலோ இருந்தவன். தன் எடையில் கால் பங்குக்கு மேல் இழந்துவிட்டான். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. நாடி நிமிடத்திற்கு 42 முறைதான் துடிக்கிறது. ஆயினும் ஊரார் அவனை மெச்சுகின்றனர். வகுப்பிலே அவனை முன்மாதிரியாகக் காட்டியிருக்கவும் கூடும்.

நம் நாட்டிற்கு இவ்வுதாரணம் மிகவும் பொருந்தும். 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் 16 சதவிகிதத்தினரின் குறியெண் 18.5க்குக் கீழ் இருந்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் போதிய உணவின்மையாலோ வேறு பிணியாலோ மெலிந்தவர்கள். எனவே, குறைந்த குறியெண் ஒன்றே மனநோய்க்குச் சான்றாகாது. நிறைந்த குறியெண்ணும் நோயின்மைக்குச் சான்றாகாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய்ப் பகுப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பிற நிபந்தனைகள் பொருந்துமானால், ஆறு மாதத்திற்குள் மொத்த எடையில் 20 சதவிகிதத்திற்கு மேல் இழத்தலைக் குறைந்த எடைக்கு ஈடாகக் கொள்ளலாம் என்று அது கூறுகிறது. இளம் பருவத்தினரிடையே நடத்தப்பெற்று 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வெளியான ஆய்வுகளும் இதனை வலியுறுத்தின: இழந்த எடையின் அளவும் இழந்த வேகமும் உடலுக்கு நேரும் தீங்கை முன்னறிவிக்கின்றன. பருமனாயிருந்து மெலிந்த பையனின் இருதயம், முதலிலிருந்தே ஒல்லியாயிருந்து மேலும் மெலிந்தவனின் இருதயத்தைப் போலவே தளரக்கூடும். பள்ளிச் சிறுவர்களைப் பொறுத்தவரை குறியெண்ணை வயதுக்குரிய வளர்ச்சி அட்டவணையுடன் ஒப்பிட வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட அட்டவணை இதற்கு ஏற்றது.

பெண்களிடத்தில் மாதவிலக்கு நின்றுபோவது, உடல் வாடுகிறது என்பதற்கு வெளிப்படையான எச்சரிக்கை. ஆண்களுக்கு அத்தகைய மணியோசை இல்லை. டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புப் பொருள் குறைகிறது, பாலுணர்வு குன்றுகிறது, எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. இவற்றைப் பற்றி எந்த இளைஞனும் தானாக வந்து ஆசிரியரிடம் பேசப்போவதில்லை. ஆகையால் உடலின் பிற குறிகளை நாடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவற்றுள் தலையாயது நாடி. ஐந்து நிமிடம் அமரச் செய்தபின், கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குதல் கூடாது. விழித்திருக்கையில் நாடி 50க்குக் குறைந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். 40க்குக் குறைந்தால் தாமதமே கூடாது. ஓட்டக்காரனுக்கும் நாடி குறைவாகத்தானே இருக்கும் என்ற வாதம் அடிக்கடி எழும். எழுந்து சற்று நடந்ததும் நல்ல பயிற்சி பெற்றவனின் நாடி சிறிதளவே உயரும். பட்டினியால் நாடி குறைந்தவனுக்கோ அது திடீரென்று தாவி ஏறுவதுண்டு. படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் இரத்த அழுத்தத்தின் மேலெண் 20க்கு மேல் இறங்குவதும், நாடி 30க்கு மேல் ஏறுவதும் கவலைக்குரியவை. உடல் உஷ்ணம் 35.5 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்குதல், கைகால் நீலம் பூத்தல், மயங்கி விழுதல் ஆகியனவும் அவ்வாறே.

தசைவலிமையை அறிய ஒரு சிறு சோதனை உண்டு; பிரிட்டனின் மனநோய் மருத்துவர் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இது இடம்பெற்றுள்ளது. நோயாளியைக் குந்தவைத்து, கையூன்றாமல் எழச் சொல்ல வேண்டும். தடையின்றி எழுந்தால் 3; சிரமப்பட்டு எழுந்தால் 2; கையூன்றித்தான் எழ முடிந்தால் 1; எழவே முடியாவிடில் 0. கருவி எதுவும் வேண்டாத சோதனை. குந்தி அமர்தல் நம் மக்களுக்கு அன்றாடப் பழக்கமாகையால், இளவயதினன் ஒருவன் இதில் தடுமாறினால் அதற்குப் பொருள் இன்னும் அதிகம். வாந்தியெடுப்பவரிடத்தில் எடை ஒன்றையும் காட்டாமலே பொட்டாசியம் என்னும் உப்புச்சத்து இரத்தத்தில் குறைந்து, இருதயத் துடிப்பைக் குலைத்துவிடக் கூடும். இதனை இரத்தப் பரிசோதனையும் இருதய மின்வரைபடமும் மட்டுமே வெளிப்படுத்தும்.

மனத்தின் நிலையை அளப்பது இதனினும் கடினம். ஆன்செல் கீஸ் என்பவர் 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் நடத்திய பரிசோதனை இங்கே நினைவுகூரத் தக்கது. போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 ஆடவர்கள் தாமாக முன்வந்து, ஆறு மாத காலம் அரைப்பட்டினி கிடந்தனர். எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். அவர்களுள் ஒருவர்க்கும் பருமனைப் பற்றிய அச்சம் கிடையாது. இருந்தும், நாளெல்லாம் உணவே அவர்கள் நினைவாயிற்று. சிலர் சமையற் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினர். மனச்சோர்வும் எரிச்சலும் மிகுந்து, நண்பர்களை விட்டு விலகினர். எனவே, மெலிந்த நோயாளியிடம் காணும் மனக்குறிகளில் எது நோய், எது வெறும் பட்டினியின் விளைவு என்று முதல் நாளிலேயே தீர்த்துச் சொல்ல இயலாது. உடலுக்கு உணவு சேர்ந்த பின்னர் மறுபடியும் அளக்க வேண்டும்.

வினாப்பட்டியல்களிலும் ஒரு குறை உண்டு. 1982இல் வெளியான 26 வினாக்கள் கொண்ட பட்டியலில் 20 மதிப்பெண் எல்லையாகக் கொள்ளப்படுகிறது. 1994இல் ஃபேர்பர்ன், பெக்லின் ஆகியோர் அமைத்த மற்றொரு பட்டியல் கடந்த 28 நாட்களைப் பற்றி விசாரிக்கிறது. இரண்டும் பயனுள்ளவையே. எனினும் அவை பெரும்பாலும் பெண் நோயாளிகளைக் கருதி எழுந்தவை. மெலிய வேண்டும் என்ற வேட்கையையே முதன்மையாகக் கேட்கின்றன. ஆண்கள் பலரின் வேட்கை வேறு: கொழுப்பு கரைய வேண்டும், தசை திரள வேண்டும் என்பது. ஆகவே நோய் முற்றிய ஆணும் குறைந்த மதிப்பெண்ணே பெறக்கூடும். 1993இல் போப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய துணைவர்களும் தேகக்கட்டுப் பயிற்சி செய்யும் 108 ஆடவரை ஆராய்ந்தனர். அவர்களுள் 9 பேர், பருத்த தசைகளைப் பெற்றிருந்தும், தாம் சிறுத்து மெலிந்தவர்கள் என்றே நம்பியிருந்தனர். அனோரெக்சியாவைக் கண்ணாடியில் திருப்பிப் பார்த்தது போன்ற நிலை இது. இன்று உடற்தோற்ற மனக்கோளாறுகளுள் ஒன்றாக இது வகுக்கப்படுகிறது. தசைவேட்கையை அளக்க மெக்ரியரி, சாஸ் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் 15 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர்.

அளவுகோல் கையில் இல்லாதவர் சில கேள்விகளை நேரிடையாகக் கேட்கலாம். ஒரு நாள் பயிற்சி தவறினால் என்ன செய்வாய்? காயம் பட்டிருந்தும் பயிற்சி செய்தாயா? கல்யாண வீட்டில் பந்தியில் அமர்வதைத் தவிர்க்கிறாயா? தசை வளர ஏதேனும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறாயா? உண்ணத் தொடங்கியபின் நிறுத்த முடியாமற் போனதுண்டா? இறுதிக் கேள்விக்கு ஆண்கள் எளிதில் உண்மை சொல்வதில்லை. நிறைய உண்பது ஆண்மைக்கு அழகு என்று கருதும் சமூகத்தில், கட்டுப்பாடிழந்து உண்பதும் நல்ல பசி என்றே பெயர் பெற்றுவிடுகிறது. சிலர் பருமனைப் பற்றிப் பேசாமல், வயிற்று உப்புசம் என்று மட்டும் சொல்வார்கள். ஹாங்காங்கில் 1993இல் ஆராயப்பட்ட 70 நோயாளிகளில் 41 பேர் பருமனைக் குறித்த அச்சத்தைத் தெரிவிக்கவே இல்லை.

விரதத்தை நோயென்று மயங்கலாகாது. விரதத்திற்கு நாளும் முடிவும் உண்டு. முடிந்தவுடன் குடும்பத்தோடு அமர்ந்து உண்பதும் உண்டு. விரதத்தின் பெயரால் நாட்கள் நீள்கின்றனவா என்பதே கவனிக்கத் தக்கது. க்ஷயம், நீரிழிவு, தைராய்டு மிகைச்சுரப்பு, குடல் நோய் ஆகியவற்றாலும் உடல் மெலியும். மருத்துவர் இவற்றை முதலில் விலக்கியாக வேண்டும். எடைப்பிரிவு உள்ள மல்யுத்தம், குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகளைப் பயிற்றுவோர்க்குத் தனி எச்சரிக்கை தேவை. 1997ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர், போட்டிக்கு முன் அவசரமாக எடையிறக்க முயன்று சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அதன்பின் அங்கே எடைபார்க்கும் விதிகள் திருத்தப்பட்டன.

உயிரை வெறுத்த பேச்சு எழுந்தால், குறியெண் எதுவாயினும் நோய் கடுமையானது என்றே கொள்ள வேண்டும். அனோரெக்சியாவில் நேரும் மரணங்களில் தற்கொலையும் ஒரு பெரும் பங்கு. அந்நோயாளியைத் தனியே விடலாகாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையின் எண் 14416. ஆலோசனை பெற அதனை அழைக்கலாம்.

மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டில் இன்றைய எடையை மட்டும் எழுதுவது போதாது. மிக அதிகமாயிருந்த எடை எவ்வளவு, அது எந்த மாதத்தில், நாடி உட்கார்ந்தபோதும் நின்றபோதும் எத்தனை, கடைசியாக முழு உணவு உண்டது எந்நாள் என்பவற்றையும் குறிக்க வேண்டும். அனுப்புமுன் பரிவு மிகுந்து வயிறார விருந்து படைக்கும் வழக்கம் நம்மவர்க்கு உண்டு. பலநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று மிகுந்த உணவு சேர்ந்தால், இரத்தத்திலுள்ள பாஸ்பேட் சரிந்து இருதயம் செயலிழக்கலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடத்தில் மருத்துவர்கள் இதனைக் கண்டனர். முதல் வாரத்து உணவின் அளவை மருத்துவரே நிர்ணயித்து, இரத்தத்தை அடிக்கடி சோதித்துப் படிப்படியாக உயர்த்துவார்.