முடக்குவாதக்காரருக்குக் கை விழுந்தால்

கேஷுவால்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு:

1. முதலில் பக்கவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட அழற்சி ரத்தக்குழாயையும் கெடுப்பதால், முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அசல் பக்கவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல்தான். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று கேளுங்கள், சர்க்கரையைப் பாருங்கள், சி.டி.க்கு அனுப்புங்கள். கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. "மூட்டு வலியில கையத் தூக்கலை டாக்டர்" என்று வீட்டார் சொன்னாலும் நீங்கள் நம்பிவிடக் கூடாது.

2. சி.டி.யில் ஒன்றும் இல்லை, முகம் கோணவில்லை, பேச்சு தெளிவு, ஆனால் கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை என்றால் கழுத்தை நினையுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். முதல் கழுத்தெலும்பை இரண்டாவதோடு பிடித்து வைத்திருக்கும் தசைநாரை நோய் அரித்துவிடும். மேலெலும்பு முன்னே நழுவித் தண்டுவடம் நசுங்கும். பிடரி வலி, சட்டைப் பொத்தான் போட முடியாமை, தள்ளாட்டம், தலை குனிந்தால் முதுகில் ஷாக் அடிப்பதுபோல் ஓர் உணர்வு, இதையெல்லாம் நோயாளியே மூட்டின் கணக்கில் எழுதியிருப்பார். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். எம்.ஆர்.ஐ. கேட்கும் வேகத்தில் சுத்தியலையும் எடுத்தால் நன்றாயிருக்கும்: அனிச்சைகள் துள்ளும், உள்ளங்காலைக் கீறினால் பெருவிரல் மேலே போகும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் முன் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போனால் நழுவல். பின்னால் தண்டுவடத்துக்கு 14 மி.மீ.கூட இல்லையென்றால் அன்றே அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். கழுத்தை நீங்களாக மடக்கிப் பார்க்க வேண்டாம்.

3. மணிக்கட்டு மட்டும் அல்லது பாதம் மட்டும் தொங்கினால் மூளையை விட்டு நரம்புக்கு வாருங்கள். நகக்கண்ணில் கறுப்புப் புள்ளி, காலில் ஆறாத புண் இருந்தால் ரத்தக்குழாய் அழற்சி. மணிக்கட்டு எழும்பி, விரல்கள் மட்டும் எழவில்லையா? மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்குங்கள். விரல்கள் தானாக நிமிர்ந்தால் தசைநாண் முழுதாக இருக்கிறது, முழங்கையருகே நரம்பு அழுந்தியிருக்கலாம். நிமிராவிட்டால் நாண் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் சுண்டுவிரல் பக்கம்தான் ஆரம்பிக்கும்.

4. ஒரே பக்கம் மரத்து, பேச்சு நின்று, சிறிது நேரத்தில் சரியாகி, மறுபடி வருகிறது; இடையில் வலிப்பும் உண்டு. ஆஸ்பிரின் எழுதி அனுப்பிவிடாதீர்கள். முடக்குவாதம் மூளை உறையையும் தாக்கும், அதுவும் மூட்டுகள் அடங்கிக் கிடக்கும்போதே. மருந்து ஏற்றி எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒரு பக்க உறை பளிச்சென்று தெரியும். ஸ்டீராய்டு கேட்கும் நோய்தான். ஆனால் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர் இவர், காசநோய் மலிந்த நாடு நம்முடையது. முதுகுத்தண்டு நீரைச் சோதித்துத் தொற்று இல்லையென்று பார்த்த பிறகே ஸ்டீராய்டு.

5. ஸ்கேன் மேஜைக்கு மாற்றும்போது தலையும் உடலும் ஒரே நேராக இருக்கட்டும். மயக்க மருந்து மருத்துவரிடம் "இவருக்கு முடக்குவாதம், கழுத்து இன்னும் பார்க்கவில்லை" என்று குழாய் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.